வடிகட்டியைத் தாண்டும் நீரும் டீசலும்: ரயில் என்ஜின் எண்ணெயைப் பரிசோதிப்பது ஏன்?

பெங்களூரு: தென்மேற்கு ரயில்வேயின் கிருஷ்ணராஜபுரம் லோகோ பணிமனை போன்ற டீசல் என்ஜின் பராமரிப்பு மையங்களில், என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அதன் எண்ணெய் மாதிரி ஆய்வகத்துக்குச் சென்றுவிடுகிறது. மனிதருக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, என்ஜினுக்கு இது அப்படி.

ஆல்கோ வகை என்ஜினின் அடித்தொட்டியில் சுமார் 900 லிட்டர் மசகு எண்ணெய் இருக்கும். கிராங்க் ஷாஃப்டால் இயங்கும் பம்ப் அதை உறிஞ்சி, காகித வடிகட்டிகள் வழியாகக் குளிர்விப்பானுக்கு அனுப்புகிறது. வெப்பத்தை நீரிடம் இழந்த எண்ணெய், பிரதான குழாயிலிருந்து பேரிங்குகள், பிஸ்டன்கள், டர்போ சார்ஜர் ஆகியவற்றை அடைந்து, மீண்டும் தொட்டியில் வடிகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் தனியே சுழல் வடிகட்டிக்குள் செல்கிறது. அதன் உருளையை எண்ணெயின் அழுத்தமே சுழற்றுகிறது. நுண்ணிய அழுக்கு உட்சுவரில் படிந்துவிடுகிறது.

காகித வடிகட்டி அடைத்துக்கொண்டால் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே அனுப்பும். இது குறைபாடு அல்ல. எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெய் மேல். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிலோவுக்குக் குறைந்தால் என்ஜின் தானே நின்றுவிடும்.

ஆனால், எண்ணெயில் கலந்த டீசலையும் நீரையும் இந்த வடிகட்டிகள் பிரிப்பதில்லை. டீசல் கலந்தால் எண்ணெயின் பிசுபிசுப்பு குறைந்து, உலோகங்களுக்கு இடையிலான மெல்லிய படலம் அறுபடும். பேரிங் உருகி, ரயில் நடுவழியில் நிற்க நேரிடலாம். ஆய்வகமே இதை முன்கூட்டி அறியும் இடம். மாதிரியில் செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் கூடினால் சிலிண்டர், பிஸ்டன் வளையங்களைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் என்றால் காற்று வடிகட்டி வழியே தூசி நுழைகிறது. சோடியம் அல்லது போரான் என்றால் குளிர்விப்பு நீர் கசிகிறது.

கிருஷ்ணராஜபுரத்தில் பராமரிக்கப்பட்டுவரும் மற்றொரு வகையான இஎம்டி என்ஜின்களில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. இவற்றின் பிஸ்டன் பின் பேரிங்குகளில் வெள்ளிப் பூச்சு உண்டு. லாரி எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கப் பொதுவாகச் சேர்க்கப்படும் துத்தநாகச் சேர்மம், இந்த வெள்ளியை அரித்துவிடும். ஆகவே, எவ்வளவு தரமானதாக இருந்தாலும் துத்தநாகம் கலந்த எண்ணெயை இவற்றில் ஊற்றுவதில்லை. மாதிரியில் துத்தநாகம் தென்பட்டால் தவறான எண்ணெய் கலந்திருக்கலாம் என்று பொருள். வெள்ளி தென்பட்டால் அரிப்போ தேய்மானமோ ஏற்கெனவே தொடங்கிவிட்டது.