கைநாட்டு வைக்கும் கதவு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து, லேக் மார்க்கெட் பக்கம் காபி சாப்பிட நாலைந்து பேராகப் போயிருந்தோம். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலை பார்க்கும் நண்பர் மகனும் கூட வந்திருந்தான். "மாமா, எங்க ஆபீஸ்ல இனிமே அட்டை கிடையாது. விரலை வெச்சாத்தான் கதவு திறக்கும். எம்.டி.க்கும் அதே சட்டம்தான்" என்றான். "அப்போ எம்.டி.யும் கைநாட்டு ஆயிட்டார்னு சொல்லு" என்றார் எங்களில் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவன் விரல் வைக்கும் கருவிக்குப் பூர்வீகம் நம் கல்கத்தாதான். (2001ல் ஊர் கொல்கத்தா ஆகிவிட்டது. என் வாய்க்கு இன்னும் பழகவில்லை, மன்னிக்கவும்.) 1858ல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கப்பி போட ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் நாளைக்கு மறுத்துவிட்டால்? உள்ளங்கை முழுவதும் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பதியவைத்தார் ஹெர்ஷல். பிற்பாடு 1877ல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவுக்கும், பென்ஷன் வாங்குவோருக்கும், சிறைக் கைதிகளுக்கும் விரல் ரேகையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வங்காளிகள் 'டிப்ஷோய்' என்று சொல்வது நம் கைநாட்டைத்தான்.

ரேகையை வாங்கி வைப்பது சுலபம். ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டியதைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். ஹக் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். அவருடைய யுக்தி இதுதான். வலது கட்டைவிரல் தொடங்கி இடது சுண்டுவிரல் வரை பத்து விரல்களுக்கும் வரிசை எண் கொடுத்தார்கள். முதல் இரண்டு விரல்களுக்கு மதிப்பு 16, அடுத்த இரண்டுக்கு 8, பிறகு 4, 2, 1. ரேகை சுழியாக இருந்தால்தான் மதிப்பு உண்டு. வில்லாகவோ கண்ணியாகவோ இருந்தால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் ஓர் எண். ஒற்றைப்படை விரல்களுக்கு இன்னோர் எண். இரண்டும் 1 முதல் 32 வரை வரும். ஆக 32க்கு 32, மொத்தம் 1,024 அறைகள். தாள் எந்த அறையில் இருக்கும் என்று பத்து விரலைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி ஜோதிடர்கள் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு நம்முடைய ஓலையைத் தேடப் போகிறார்களே, அது எனக்கு நினைவுக்கு வரும். அங்கே ஓலை கிடைப்பது அவரவர் நம்பிக்கை. இங்கே தாள் கிடைப்பது கூட்டல் கணக்கு.

1897ல் உலகின் முதல் விரல் ரேகைக் கூடம் கல்கத்தாவில் ஏற்பட்டது. 1901ல் ஹென்றி லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனார். இந்த முறை அங்கும் போயிற்று. அதற்கு 'ஹென்றி முறை' என்றுதான் பெயர். ஹக்குக்கும் போஸுக்கும் பிற்காலத்தில் பட்டமும் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயும் கிடைத்தன. பெயர் போனது போனதுதான்.

இன்றைய கருவி சுழியையும் வில்லையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இருப்பிடத்தை எண்களாக்கிச் சேமித்து வைக்கிறது. மறுநாள் விரல் வைத்ததும் புதிய எண்களைப் பழையவற்றோடு ஒப்பிடுகிறது. ஒரே விரலை இரண்டு முறை வைத்தாலும் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. அழுத்தம் மாறும், வியர்வை இருக்கும், குளிர்காலத்தில் தோல் வறண்டுபோகும். ஆகவே கருவி "இவர்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. "இவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது" என்றுதான் சொல்கிறது. எவ்வளவு ஒத்துப்போனால் கதவைத் திறக்கலாம் என்ற எல்லையை வைப்பவர் ஒரு மனிதர். எல்லையைத் தளர்த்தினால் அந்நியன் நுழைவான். இறுக்கினால் வேலைக்காரன் வெளியில் நிற்பான். இரண்டையும் ஒருசேரப் பூஜ்யமாக்க முடியாது.

நூற்றுக்கு ஒரு முறைதான் தவறும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் தினம் ஐந்து பேருக்குக் கதவு திறக்காது. அது முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்படி வருவதில்லை. பெரும்பாலும் அதே ஐந்து பேர்தான். சிமென்ட் கலப்பவர், சுண்ணாம்பு தொடுபவர், பாத்திரம் தேய்ப்பவர், வயதானவர். ரேகை என்பது தோலின் மேடு பள்ளம்தானே? கையால் உழைக்க உழைக்க அது தேயும்.

இப்போது என் கதை. கங்கைக் கரையோரம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு அங்கே விரல் ரேகைக் கருவி வந்தது. வந்த முதல் மாதக் கடைசியில் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் பெரியவர் ஒருவருக்கு ஒன்பது அரை நாள் வெட்டு. மேதினிப்பூர் பக்கத்துக்காரர். விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்து ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். பத்துத் தடவை விரலை வைப்பார், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். காவலாளி அவரை நன்றாக அறிந்தவர், உள்ளே விட்டுவிடுவார். ஆனால் வருகைப் பதிவு ஏறாது.

என்னிடம் வந்து விரல்களை விரித்துக் காட்டினார். சோடாவும் சாம்பலும் பட்டுப்பட்டு, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. "பாபு, ஆமி தோ ரோஜ் ஆஷி" என்றார். நான் தினமும் வருகிறேனே என்கிறார். அவர் வருகிறார் என்பது எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷமாக எனக்குப் பத்து மணி டீ கொண்டுவருபவர் அவர்தான். "மெஷின்ல இல்லையே தாதா, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கும் மேஜை மேல் அவர் வைத்துவிட்டுப் போன டீ இருந்தது. குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்காக ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். பிடித்த பணம் திரும்பவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை.

தினமும் வந்தவரை அந்தக் கருவி அறியவில்லை. ஆனால் 2002ல் ஜப்பானில் மாட்சுமோட்டோ என்ற பேராசிரியர் ஜெல்லி மிட்டாய் செய்யும் ஜெலட்டினில் போலி விரல் வார்த்து, பல கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2013ல் பிரேசிலில் ஒரு டாக்டர், வேலைக்கு வராத சக டாக்டர்களுக்காக சிலிக்கான் விரல்களைப் பையில் வைத்திருந்து வருகை பதிந்து மாட்டிக்கொண்டார். நம் மத்திய அரசு அலுவலகங்களில் 2014ல் ஆதாரோடு இணைந்த வருகைப் பதிவு வந்தது. 2020ல் கொரோனா காரணமாக விரல் வைப்பதை நிறுத்திவைத்தார்கள். அதன்பின் பல இடங்களில் முகம் பார்க்கும் கருவி வந்திருக்கிறது. தொடவேண்டாம் என்பது வசதி. ஆனாலும் எல்லை வைக்கும் கணக்கு அதிலும் அதேதான். கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலையும் முகத்தையும் எங்கே போய் மாற்றுவது?

சென்ற நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்ச் சான்றிதழ் கொடுக்கப் போனேன். ஹெர்ஷல் ஹூக்ளியில் செய்ததைப் போல, உயிரோடு இருப்பதற்கு விரல்தான் சாட்சி. வலது கட்டைவிரல் படியவில்லை, ஆள்காட்டி விரலும் படியவில்லை. கவுன்டரில் இருந்த பெண், "ஜெட்டு, கிரீம் தடவிட்டு வாங்க" என்றாள். பின்னால் நின்ற வரிசை முனகியது. எனக்குக் கூழாங்கல் விரல்கள் நினைவுக்கு வந்தன. நல்ல வேளையாக 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்றிதழ் வாங்க வழி உண்டு, அதில் தப்பித்தேன்.

இதையெல்லாம் அன்று காபிக் கடையில் பையனிடம் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விகளையும் சொன்னேன். ஒரு விரலுக்கு மூன்று விரலாகப் பதிகிறார்களா? கருவி மறுத்தால் அன்றைய வருகையை யார், எதில் எழுதுவார்? வேலையை விட்டுப் போனவரின் ரேகையை அழிக்கிறார்களா? பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி, உங்க ஆபீஸ்ல பாத்ரூம் கழுவறவங்க, பாத்திரம் தேய்க்கறவங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்றேன்.

சற்று யோசித்தான். "அவங்களுக்கும் மெஷின்தான் மாமா. ஆனா அது எங்க லிஸ்ட்ல வராது. கான்ட்ராக்டர் பாத்துக்குவார்" என்றான்.