கடலடிக் கம்பியும் அந்தமான் தீவுகளும்

இணையம் வானத்திலிருந்து வருகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கைப்பேசியில் கம்பி ஏதும் இல்லாததால் செய்தியெல்லாம் காற்றில் மிதந்து வருவதாகத் தோன்றுகிறது. உண்மையில் நாடு விட்டு நாடு செல்லும் செய்திகளில் மிகப் பெரும் பகுதி கடலின் அடியில், கண்ணாடி இழைகளுக்குள் ஒளியாகவே ஓடுகிறது. அந்த இழை தலைமுடியளவே மெல்லியது. ஆழ்கடலில் அதைப் பொதிந்து வைத்திருக்கும் கம்பியோ நம் தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே இருக்கும்.

நம் சென்னைக் கடற்கரை இத்தகைய கம்பிகள் கரையேறும் இடங்களுள் ஒன்று. 2002ஆம் ஆண்டு சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து, ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஐ2ஐ' என்னும் கம்பியைப் பாரதி நிறுவனமும் சிங்டெல் நிறுவனமும் அமைத்தன. அதுவரை வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பு அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். ஒன்றின் கையிலேயே இருந்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் அதுவே. 2002 ஏப்ரலில் அரசாங்கம் அந்தத் தனியுரிமையை நீக்கியது. இழையைச் செய்யும் கலை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கைவந்துவிட்டது. போட்ட பணம் திரும்பும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆயினும் வெளிநாட்டுத் தொலைபேசியில் தனியார் நுழையச் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது.

இப்போது தேசப்படத்தை எடுத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கோடு இழுத்தால், இடையில் சங்கிலிபோல் கிடக்கின்றன அந்தமான் நிக்கோபார் தீவுகள். அந்த வரிசையைத் தாண்டாமல் மலாக்கா நீரிணைக்குள் நுழைய இயலாது. அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டு வரை அத்தீவுகளுக்கு நிலப்பகுதியிலிருந்து ஒரு கடலடிக் கம்பிகூட இல்லை! இதை முதலில் கேட்டபோது எங்களால் நம்ப முடியவில்லை.

அவர்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். அது பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு சொல் மேலே சென்று கீழே இறங்க 72,000 கிலோமீட்டர் பயணம். அதற்குக் கால் விநாடி ஆகிறது. பதில் வர இன்னொரு கால் விநாடி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து தீவை எட்ட ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கே போதும். தாமதம் மட்டுமன்று, இடநெருக்கடியும் இருந்தது. செயற்கைக்கோளின் கொள்ளளவு சிறிது, வாடகையோ பெரிது. மருத்துவமனை, வங்கி, பள்ளிக்கூடம், துறைமுகம் யாவும் அந்தச் சிறு வாய்க்காலையே பங்கிட்டுக்கொண்டன.

எந்த நிறுவனமும் ஏன் முன்வரவில்லை? இங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்வோர் 3,80,581 பேர். கம்பிக்கான செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். நாங்கள் வகுத்துப் பார்த்தோம்: தலைக்கு 32,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான்! மாதக் கட்டணத்தில் இதை எந்த வியாபாரி மீட்பார்? அவர்களைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

வழி சட்டத்திலிருந்து பிறந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு பொது நிதிக்குச் செலுத்த வேண்டும் என்னும் ஏற்பாடு 2002 முதல் நடைமுறையில் உள்ளது. இலாபம் தராத இடங்களுக்கும் தொடர்பு கிடைக்கவே இந்நிதி. அண்மையில் இது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியுள்ளது. அதாவது, மதுரையிலோ திருச்சியிலோ நம் பெற்றோர் கைப்பேசிக்குக் கட்டும் பணத்தில் ஒரு துளி அங்கே போய்ச் சேர்கிறது. தீவுகளுக்குக் கம்பி வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, பி.எஸ்.என்.எல். பொறுப்பில் சுமார் 2,300 கிலோமீட்டர் கம்பி இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேர் மட்டுமின்றிக் கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளும் இதில் இணைந்தன. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்கும் இதேபோன்ற கம்பி 2024 ஜனவரியில் வந்தது.

கம்பி கரையேறியதும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. கரையிலிருந்து வீடுவரை கோபுரமும் மின்சாரமும் வேண்டும். காட்டுக்கு அப்பால் உள்ள சிற்றூருக்கு அவை எளிதில் எட்டா. வேலையும் வணிகமும் தேடிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல உண்டு. எங்கள் விடுதித் தோழி ஒருத்தியின் பெற்றோரும் போர்ட் பிளேரில்தான் இருக்கிறார்கள். அந்நகருக்கு 2024இல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டுவிட்டது. அவளோ இன்னும் பழைய பெயரையே சொல்கிறாள். முன்பெல்லாம் அவள் சித்தி வீட்டிலிருந்து அப்பாவுடன் பேசும்போது இருவர் குரலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமாம். அதனால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மூச்சடக்கிக் காத்திருக்கப் பழகியிருக்கிறாள். இப்போது அந்தத் தேவை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் விடுதித் தொலைபேசி அருகே நின்று பாருங்கள்: "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாமல் நிற்பாள்.