சூரை மீனின் சூடு

எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு ஒன்று சூரை மீனில் உண்டாகலாம். அதன் பெயர் ஹிஸ்டமின். சூரை, காணாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீன் வெயிலில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள சில பாக்டீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு உறைய வைத்தால் பாக்டீரியா முடங்கும். உண்டான ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். டப்பாவில் அடைத்து வேகவைத்தாலும் அழியாது. தின்றவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும். பலர் இதை ஒவ்வாமை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

மூக்கை நம்பியும் பயனில்லை. வாடையே வராத மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம். ஒரே மீனின் ஒரு துண்டில் ஏராளமாகவும் இன்னொரு துண்டில் மிகக் குறைவாகவும் இருக்கலாம். அதனால் துறைமுகத்தில் நாலு துண்டை வெட்டிச் சோதித்துச் சரக்கு முழுதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இறக்குமதி விதிகள் சோதனையை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே தடுக்கப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தான் உண்ணும் கடலுணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் அமெரிக்காவில், 1997 டிசம்பர் 18 முதல் கடலுணவுக்கு ஹாசெப் முறை கட்டாயம். ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும் என்று முன்பே கண்டறிந்து, அந்தக் கட்டத்திலேயே அதைத் தடுத்து, தடுத்ததை எழுதிவைக்கும் முறை அது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960களில் பிறந்தது. சூரைக்கு ஆபத்தான கட்டம் படகிலேயே தொடங்கிவிடுகிறது. காற்றோ நீரோ 28.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் போட்டாக வேண்டும் என்கிறது அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. பின்னர் பதப்படுத்தும் ஆலையில் 4.4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இறக்குமதியாளருக்கும் பொறுப்பு உண்டு. சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையை அவர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ஏற்றுமதி ஆலையின் ஹாசெப் பதிவுகளை வாங்கலாம்; அந்நாட்டு அரசின் சான்றிதழ் பெறலாம்; ஆலைக்கே ஆளனுப்பிப் பார்க்கலாம்; உத்தரவாதக் கடிதத்துடன் அவ்வப்போது சோதனையும் செய்யலாம். இவை போன்ற வழிகளில் ஒன்றையாவது செய்தே ஆக வேண்டும். தவறினால் சரக்கு உள்ளே போகாது. கெட்ட மீன் அனுப்பிப் பிடிபட்ட ஆலை எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டால், அடுத்து வரும் சரக்கைச் சோதிக்காமலே நிறுத்தி வைப்பார்கள். நல்லது என்று நிரூபிப்பது சரக்குக்காரரின் பாடு.

விதி பல வழி கொடுத்தாலும், சூரைக்கு நான் முதலிடம் தருவது வெப்பநிலைப் பதிவேட்டுக்குத்தான். ஆய்வகத் தாள் சில துண்டுகளைப் பற்றி மட்டுமே சொல்லும். படகில் ஐஸ் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்காமல் சூரை வாங்குபவர் தன் கடமையில் பாதியைக்கூடச் செய்யவில்லை.