இருவகை உழவாரன்கள்

ஒத்த தோற்றமுடைய இரண்டினை ஒன்றென மயங்குவதால் விளையும் கேடு அரசியலில் எத்தன்மையதென்பதை நம் நேயர்கள் நன்கறிவார்கள். அம்மயக்கம் நம் தலைக்குமேல் நாள்தோறும் பறந்து திரியும் சிறு பறவைகளின் விஷயத்திலும் கேடு விளைப்பதே. மதுரை நகரத்து வானில் அந்திப்பொழுதில் வளைந்து வளைந்து விரைந்தோடும் கரிய பறவைகளைக் காணாதார் இலர். ஆயின், அவற்றுள் இரண்டு ஜாதிகள் உண்டென்பதை அறிந்தார் மிகச் சிலரே. பறவை நூலார் ஒன்றை நாட்டு உழவாரன் என்றும், மற்றொன்றைப் பனை உழவாரன் என்றும் வழங்குவர்.

முதற்கண், இவ்விரண்டையும் தகைவிலானினின்று பிரித்தறிதல் வேண்டும். தகைவிலான் தந்திக் கம்பியில் வரிசையாய் அமரும். உழவாரனுக்கோ அது இயலாது. அதன் கால்கள் மிகக் குறுகியவை. கூரிய நகங்களால் சுவரிலோ ஓலையிலோ தொற்றிக்கொள்ளும், அவ்வளவே. உருவத்தில் தகைவிலானை ஒத்திருப்பினும், உறவு முறையில் இது அமெரிக்கக் கண்டத்து ரீங்காரச் சிட்டுக்கே அணுக்கமானது. பூச்சிகளைப் பறந்தவாறே பிடித்துண்ணும் வாழ்க்கை இரண்டற்கும் பொதுவாதலின், வடிவமும் ஒத்து அமைந்தது.

இனி, உழவாரன்களைத் தம்முள் வேறுபடுத்தும் அடையாளங்களைக் கூறுவோம். நாட்டு உழவாரன் கறுத்துத் திரண்ட உடலுடையது. தொண்டை வெண்மையாயிருக்கும், வாலின் அடியில் முதுகின்மேல் வெள்ளைப் பட்டை தெளிவாய்த் தோன்றும், வால் குட்டையானது, வெட்டி விட்டாற்போன்றது. பனை உழவாரன் மெலிந்த உடலினது. முழுதும் பழுப்பு நிறமுடையது. முதுகில் வெள்ளை சிறிதுமில்லை. அதன் வால் ஆழப் பிளந்தது. எனினும், பெரும்பாலும் பிளவை மூடியே பறத்தலால் ஊசிபோல் நீண்டு தோன்றும். திரும்பும்போது மட்டும் அப்பிளவு விரிவதைக் காணலாம். முதுகில் வெள்ளை உண்டா, வால் குட்டையா நீளமா என்னும் இரண்டு கேள்விகள் போதும், ஐயம் தீர்ந்துவிடும்.

இவற்றினும் முக்கியமான வேற்றுமை குடியிருப்பில் உள்ளது. இரண்டும் தம் உமிழ்நீரையே பசையாகக் கொண்டு கூடமைப்பன. நாட்டு உழவாரன் இறகையும் புல்லையும் ஒட்டி, கோபுரம், மண்டபம், பாலம் முதலிய கட்டடங்களின் விதானத்தில் கூட்டங்கூட்டமாய்க் குடியிருக்கும். பனை உழவாரனோ பனையோலையின் அடிப்புறத்தில் சிறு கிண்ணம்போன்ற கூட்டை ஒட்டிவைக்கும். வடகிழக்கு இந்தியாவின் மலைநாடுகளில் இது குடிசைக் கூரையிலும் கூடமைப்பதுண்டு. அங்கும் அக்கூரை பனையின இலையால் வேய்ந்ததாகவே இருக்கும். நம் சமவெளியில் கண்மாய்க் கரைப் பனைகளே இதற்கு வீடு.

ஆபத்து இங்கேதான் உள்ளது. செங்கற் சூளைக்கும் வீட்டு மனைக்குமாகப் பனைகள் வீழ்த்தப்படும் ஊரில், பனை உழவாரன் கோபுரத்திற்குக் குடிபெயர்ந்து விடுவதில்லை. நகரத்து வானில் நாட்டு உழவாரன்கள் நிறைந்திருத்தலைக் கண்டு, "உழவாரனுக்கு என்ன குறை?" என்று நாம் வாளாவிருப்போமாயின், ஒரு ஜாதியின் அழிவை மற்றொரு ஜாதியின் பெருக்கம் மறைத்துவிடும். பெயர் தெரியாத உயிர் மறைந்தால் கேட்பார் யார்?

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நல்ல ஏற்பாடே. எனினும், கரையில் நிற்கும் மரத்தைக் காப்பவர் அவ்வூரார்தாம். ஊர்தோறும் பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் தொண்டர்கள், தங்கள் கண்மாய்க் கரைப் பனைகளை எண்ணி வைப்பார்களாக; அவற்றின்மேல் மாலையில் பறப்பது எந்த உழவாரன் என்றும் நோக்குவார்களாக. அவ்வாறே, கோபுரத் திருப்பணி செய்வோரும் கூடுகளில் குஞ்சுகள் உள்ள காலம் கழியும்வரை அவ்விடங்களைத் தொடாதிருப்பார்களாக. பனைக்குரியதைப் பனையிலும் கோபுரத்திற்குரியதைக் கோபுரத்திலும் வாழவிடுவதே முறை.