வெந்நீரில் கால் வைக்கும் முன்

சுபாங் ஜெயா, பண்டார் சன்வே வட்டாரத்துக் கொண்டோக்கள் பலவற்றில் நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு சவுனா அறை இருக்கிறது. பெரும்பாலும் ஆளில்லாமல்தான் கிடக்கும். வெளியே 33 டிகிரி வெயில் கொளுத்தும்போது உள்ளே போய் உட்கார்ந்து வேறு வேர்க்க வேண்டுமா என்று நம் பெரியவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. உடம்புச் சூடு தணிய எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்ன பரம்பரை. சூட்டை ஏற்றிக்கொள்ளச் சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஆனாலும் சவுனாவில் உட்கார்ந்தால் பிரஷர் இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்ற பேச்சு இப்போது காதில் விழுகிறது. பிரஷர் இறங்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. மாத்திரை வேண்டாம் என்பது ஆபத்து.

உண்மை பின்லாந்திலிருந்து வருகிறது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ரத்தக் கொதிப்பு இல்லாத 1,621 நடுத்தர வயது ஆண்களை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். வாரம் ஒருமுறை சவுனா போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை போனவர்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும் அபாயம் ஏறக்குறைய பாதியாக இருந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் வாரம் ஏழு நாள் சவுனாவில் உட்கார முடிகிறவர் ஏற்கெனவே திடமானவராகவும் ஓய்வு நேரம் உள்ளவராகவும் இருக்கலாம். இந்த வகை ஆய்வு அந்தச் சந்தேகத்தை முழுதாகத் தீர்ப்பதில்லை.

அதனால் நேரடிச் சோதனைகள் முக்கியம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இளைஞர்கள் சிலரை எட்டு வாரம் 40.5 டிகிரி வெந்நீரில், வாரத்துக்கு நான்கைந்து முறை உட்கார வைத்தார்கள். ரத்தக் குழாய்கள் விரியும் திறன் கூடியது, ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தது. உடலின் உள்வெப்பம் ஏறும்போது தோலுக்கு ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் குழாயின் உட்சுவரை உரச, உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. வேகமாக நடக்கும்போதும் இதேதான் நடக்கிறது. மூட்டுவலியால் நடக்க முடியாத முதியவர்களுக்கு வெப்பம் உதவுமா என்று மருத்துவர்கள் ஆராய்வது இதனால்தான்.

உதவுமா? பதில் இன்னும் இரண்டுபட்டே இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களை எட்டு வாரம் சவுனாவில் வைத்துப் பார்த்ததில் குழாயின் திறனோ ரத்த அழுத்தமோ மேம்படவில்லை என்று 2023இல் முடிவு வந்தது. இளம் குழாய் கேட்ட பேச்சை, ஏற்கெனவே தடித்துப்போன குழாயும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நம் ஊர் வெயிலே போதாதா? போதாது. சோதனைகளில் வெப்பத்துக்கு அளவும் முடிவும் உண்டு: குறித்த நேரம், பிறகு குளிர்ச்சி, தண்ணீர், ஓய்வு. பஸ் நிறுத்தத்தில் மதியம் நிற்பதில் இவை எதுவும் இல்லை. நம் காற்றின் ஈரத்தில் வேர்வை உலராது, சூடும் எளிதில் இறங்காது. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் உடலில் நீர் இன்னும் சீக்கிரம் குறையும்.

மாத்திரை விஷயம்தான் இங்கே பெரிது. 2018இல் மலேசியச் சுகாதார அமைச்சு முதியோரிடம் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் வாங்கும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கிறது. வெப்பமும் விரிக்கிறது. இரண்டும் சேர்ந்த நிலையில் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலில் தேங்கும், கண் இருட்டும், ஈரத் தரையில் ஆள் விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் பிரஷர் இரண்டாம் கவலையாகிவிடும். ஜப்பானில் வெந்நீர்த் தொட்டிக் குளியலின்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இறக்கிறார்கள், அதுவும் குளிர்காலத்தில் அதிகம். எனவே எழும் முன் ஓரிரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், மது அருந்தியிருக்கக் கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், நெஞ்சுவலி கட்டுப்படாதவர்களும், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போகக் கூடாது.

சவுனாவைவிட நம்மவர்களுக்குப் பழக்கமானது செலாயாங் வெந்நீர் ஊற்று. வேட்டியை, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, காலை நீரில் விட்டபடி உட்கார்ந்திருப்பது இதமாகத்தான் இருக்கும். ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி வயது வந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது; நாட்டின் மூன்று பெரிய இனங்களில் அதுவே அதிகம். இனிப்புநீர் நாள்பட்டால் பாதத்தின் நரம்பு மரத்துவிடும். அப்படிப்பட்ட கால், கொதிக்கும் நீரையும் வெதுவெதுப்பென்றே சொல்லும். கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும், புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டிவரும்.

ஆகவே நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள், வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. பாதம் மரத்துப்போனவர்கள், காலில் புண் உள்ளவர்கள் வெந்நீரில் கால் வைப்பதையே விட்டுவிடலாம். மற்றவர்கள் கிளினிக்கில் அடுத்த தவணைக்குப் போகும்போது, சவுனா, வெந்நீர் ஊற்று எதற்குப் போவதாக இருந்தாலும் மாத்திரைப் பட்டியலைக் காட்டி, எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று டாக்டரையே கேட்டுவிடுவது நல்லது.