நெகட்டிவை முதலில் கழற்றுவது ஏன்?

அஞ்சுகிராமம் என்ற ஊருக்குக் கடல் பக்கம். பேட்டரியின் அமில ஆவியோடு உப்புக்காற்றும் சேர்ந்தால், கார் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பதற்கு அதிக நாள் ஆகாது.

அப்படிக் கெட்டுப்போகும் பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் வரிசை தவறக்கூடாது. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். ஏன்? காரின் இரும்பு உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், அந்த நொடியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பொறி பறக்கும். பொருத்தும்போது நெகட்டிவ் கடைசி.

என்ஜின் ஓடும்போது கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென எகிறி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வைக் கெடுத்துவிடலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகும்.

மாற்றியபின் கடிகாரம் நேரம் தவறும், சில ரேடியோக்கள் ரகசியக் குறியீடு கேட்கும், இது பழுதல்ல. அந்தக் குறியீட்டை முன்பே குறித்து வையுங்கள். பழைய பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.