நாயின் செவிநோவு: மருத்துவரிடம் செல்லுமுன்

மும்பையின் அணுசக்தி நகர், டிராம்பே குன்றுகளின் அடிவாரத்தில் மரங்கள் அடர்ந்த குடியிருப்பாக அமைந்துள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றுவோரின் குடும்பங்கள் வாழும் இந்நகரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை இங்கு நீடிக்கும். மும்பையில் ஓராண்டில் பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. அதில் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களிலேயே பெய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை காணும் சென்னையிலிருந்து வரும் பாட்டிமார், ஆடி மாதத்தில் இங்குத் துணி காயாமல் கிடப்பதைக் கண்டு வியப்பர். துணி காயாத அந்நாள்களில் நாயின் காதும் எளிதில் காய்வதில்லை.

காதுநோவு கண்ட நாய் முதலில் தலையை உதறத் தொடங்கும். பின்னங்காலால் காதைச் சொறியும். சுவரிலும் தரைவிரிப்பிலும் தலையைத் தேய்க்கும். நாளும் ஓடிவந்து மடியில் தலைவைக்கும் நாய், காதருகே கை வந்தால் விலகிச் செல்லும். செவிமடலின் உட்புறம் சிவந்திருக்கும். புளித்த மாவைப் போன்ற வாடை வீசும். வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. இரவு ஒன்பது மணிக்கு இதைக் கண்டறியும் குடும்பத்தார் மறுநாள் காலைவரை என்ன செய்வது என்று திகைப்பர். அவ்வேளையில் அன்பினால் செய்யும் சில செயல்களே நோயைப் பெரிதாக்கிவிடுவதும் உண்டு. அது ஏன் என்பதை அறிய, நாயின் செவி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மனிதரின் செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது, பெரிதும் நேராகவே உள்ளே செல்வது. நாயின் செவிக்குழாயோ இனத்திற்கும் உடலளவிற்கும் ஏற்ப 5 முதல் 10 செ.மீ. வரை நீண்டிருக்கும். மேலும், அது நேராகச் செல்வதில்லை. செவிமடலின் அடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உட்புறமாக வளைந்து செவிப்பறையை அடைகிறது. ஒரு கிணற்றின் அடியில் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டியதைப் போன்ற அமைப்பு இது. கிணற்றின் வாயிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குச் சுரங்கம் தெரியாது. அதுபோலவே, செவியின் வாயிலில் இருந்து நோக்குபவருக்கு வளைவிற்கு அப்பால் உள்ள எதுவும் தெரியாது. உள்ளே சென்ற நீர் தானாக வெளியேறவும் வழியில்லை.

காதின் புறத்தோற்றமும் இங்குக் கருதத்தக்கது. தெருநாய்கள் பலவற்றின் காதுகள் நிமிர்ந்தோ பாதி மடிந்தோ இருப்பதால் காற்று உட்புகும். லேப்ரடார், பீகிள், காக்கர் ஸ்பேனியல் ஆகிய இனங்களின் காதுகள் தொங்கி, செவித்துளையை மூடிபோல மறைத்துக்கொள்கின்றன. வெப்பமும் ஈரமும் இருளும் கூடிய அவ்விடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் விரைந்து பெருகும். இவையன்றி ஒவ்வாமை, உண்ணி, உள்ளே நுழைந்த புல்விதை முதலியவையும் செவிநோய்க்குக் காரணமாகலாம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத செவிச் சிற்றுண்ணிகள் தாய்நாயிடமிருந்து குருளைகளுக்குத் தொற்றுவதும் உண்டு. (நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் 'குருளை' என்னும் சொல்லைத் தொல்காப்பிய மரபியல் சுட்டுகிறது. 'நாய்க்குட்டி' என்று கூறுவதும் பிழையன்று.)

காது கேளாமையும் காதுநோவும் ஒன்றல்ல. விருதுநகர் மாவட்டத்தின் புகழ்பெற்ற இராசபாளையம் நாய்களுள் சில பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவை. தூய வெண்ணிறத்தோடு தொடர்புடைய மரபணுக் கூறே இதற்குக் காரணம் எனப்படுகிறது. அத்தகைய நாய் அழைத்தால் திரும்பாது. ஆயினும் அதற்கு வலி இல்லை. தலையை உதறும் நாய்க்கே வலி.

இனி, மருத்துவரைக் காணும்வரை செய்யத்தக்கன எவை என்பதைக் காண்போம். கண்ணுக்குத் தெரியும் இடம்வரை மட்டுமே கை செல்லலாம் என்பதே இதில் அடிப்படை. செவிமடலின் உட்புறத்தில் கசிவு இருந்தால், காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து நன்கு பிழிந்து மென்மையாகத் துடைக்கலாம். பின்னர் உலர்ந்த பஞ்சினால் ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். துளைக்குள் பஞ்சையோ விரலையோ செலுத்துதல் கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சி இங்கு மிகவும் தீங்கானது. அது அழுக்கை வெளியே எடுப்பதற்கு மாறாக, வளைவிற்கு அப்பால் தள்ளிவிடும். நாய் திடீரெனத் தலையை அசைத்தால் செவிப்பறையும் கிழியக்கூடும்.

முற்றிலும் தூய்மையாக்கிவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம் எனச் சிலர் கருதுவர். அதுவும் தவறே. செவியில் உள்ள கசிவே மருத்துவருக்கு முதற்சான்று. அவர் அதைச் சிறிதளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தே பூஞ்சையா, பாக்டீரியாவா, சிற்றுண்ணியா என்று துணிவார். சான்றைத் துடைத்துவிட்டால் அவர் எதைக் கொண்டு துணிவது?

நாய் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் தடுப்பது அடுத்த உதவி. கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை வீட்டில் இருந்தால் அதை அணிவிக்கலாம். இல்லையெனில் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, கால் காதை நோக்கி எழும்போதெல்லாம் மெல்லத் திருப்பிவிடலாம். தொடர்ந்து உதறுவதால் செவிமடலின் உள்ளே நுண்ணிய குருதிக் குழாய்கள் உடைந்து, மடல் சிறு தலையணைபோல் வீங்குவதுண்டு. அவ்வாறு வீங்கினால், பனிக்கட்டியைத் தடித்த துணியில் சுற்றி ஐந்து நிமிடம் மடலின்மேல் ஒத்தடம் கொடுக்கலாம். பனிக்கட்டி நேராகத் தோலில் படலாகாது. நாய் விரும்பாவிடில் அப்போதே நிறுத்திவிட வேண்டும். இரவு முழுவதும் விளக்கணைத்த, மின்விசிறி சுழலும், ஓசையற்ற அறையில் அதைப் படுக்கவிடுவதே பல வேளைகளில் மிகச் சிறந்த உதவியாகும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரவல்லது. மனிதரின் செவிக்கு எல்லை 20,000 ஹெர்ட்ஸ். பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் ஓசைகூட நோவுற்ற நாய்க்குத் தொல்லையாகலாம். நோய் தீரும்வரை குளிப்பாட்டுதலும் மழையில் அழைத்துச் செல்லுதலும் வேண்டா. கழிவிற்காக வெளியே சென்று வந்தால் காதின் புறத்தை உடனே துவட்டிவிட வேண்டும்.

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர், காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு சொட்டு விடுமாறு கூறக்கூடும். வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு, கற்பூரம் கலந்த எண்ணெய் எனக் கைமருத்துவம் பல பெயர் பெறும். அவர்கள் கூறுவது அன்பினால்தான்; எனினும் இவற்றுள் எதையும் நாயின் செவிக்குள் விடுதல் கூடாது. எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து உள்ளே பிசுபிசுத்து நின்று, செவிப்பறையை மருத்துவர் காணவொட்டாமல் மறைக்கும். செவியில் பெருகும் பூஞ்சையோ கொழுப்பை உண்டு வளர்வது. பூண்டு நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் தன்மையது. கற்பூரமும் அதற்கு நஞ்சு. காயத்தைக் கழுவ வீட்டில் வைத்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சாராயம் கலந்த நீர்மங்கள் ஆகியவை சிவந்த தோலில் பட்டால் தீப்போல எரியும்.

சென்ற ஆண்டு வாங்கி மீந்துபோன சொட்டு மருந்தும் அலமாரியில் இருக்கும். அதே நாய்க்கு அதே மருத்துவர் கொடுத்ததே ஆனாலும் இப்போது அதை விடலாகாது. இம்முறை செவிப்பறை கிழிந்திருந்தால், அம்மருந்துகளுள் சில உட்செவியை அடைந்து கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுத்துவிடும். செவிப்பறை முழுமையாக உள்ளதா என்பதை வீட்டிலிருப்போர் எவராலும் கண்டறிய இயலாது. மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளையும் வலி தணிக்கவென்று கொடுக்கக் கூடாது. முன்னது நாயின் கல்லீரலையும் பின்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வலி தணிக்க மருந்து வேண்டுமெனில் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டறிவதே முறை.

எவ்வளவு சாதுவான நாயும் வலிக்கும் இடத்தைத் தொட்டால் கடிக்கலாம். காதைப் பின்னோக்கி மடித்துக்கொள்ளுதல், உதட்டை அடிக்கடி நக்குதல், உடல் விறைத்து அசையாமல் நிற்றல், உறுமுதல் ஆகியவை அதன் எச்சரிக்கைகள். ஆகையால், மேற்கூறிய உதவிகளைச் சிறுவர் தனியே செய்யாமல் பெரியவருடன் இருந்து செய்தல் வேண்டும். கடிபட்டால் அந்த இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டுநாய்தானே என்று அஞ்சி மறைத்தல் ஆகாது. வெறிநாய்க்கடி நோய் வந்தபின் காப்பது அரிது.

குடியிருப்பின் வாயிலில் படுத்திருக்கும் தெருநாய்க்கும் இந்நோய் வருவதுண்டு. மழைக்காலத்தில் அதன் காதுப்புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அதில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் தசையைப் புண்ணாக்கி வேதனையை மிகுவிக்கும். பெரியவர்களிடம் கூறி விலங்குநல அமைப்பினரையோ விலங்கு மருத்துவமனையையோ அழைக்கச் செய்வதே சிறுவர் செய்யக்கூடிய உதவி. புழு, பெருகும் குருதி, மடல் வீக்கம், தலை ஒருபுறமாகச் சாய்தல், நடக்கையில் தள்ளாடி விழுதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது. மற்றவற்றிற்கு ஓரிரு நாள்களுக்குள் செல்லுதல் போதும்.

மும்பையில் விலங்கு மருத்துவத்திற்கு நெடிய வரலாறு உண்டு. பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை, பஞ்சாலை அதிபர் சர் தின்ஷா பெட்டிட்டின் கொடையால் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அங்கேயே 1886ஆம் ஆண்டில் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. சென்னை வேப்பேரியில் இன்றும் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. செம்பூர்ப் பகுதியில் இன்று தனியார் விலங்கு மருத்துவ மனைகளும் உள்ளன.

எங்குச் சென்றாலும் மருத்துவர் சில வினாக்களைக் கேட்பார். என்று தொடங்கியது? ஒரு காதிலா, இரண்டிலுமா? கசிவின் நிறம் என்ன? அண்மையில் குளிப்பாட்டினீர்களா? உணவை மாற்றினீர்களா? இதற்குமுன் வந்ததுண்டா? இவற்றிற்கான விடைகளை முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. காப்பித்தூள் போன்ற கரும்பொடி காணப்பட்டதா, மஞ்சள் நிறச் சீழா என்பதையும் குறிக்கலாம். மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ உரையாடக்கூடும். இவ்விரு மொழிகளிலும் காதுக்குக் 'கான்' என்றே பெயர். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் தாத்தா நாயை அழைத்துச் செல்வதாயின், பள்ளியில் இந்தி பயிலும் பேரனோ பேத்தியோ அத்தாளை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். கழுத்துப்பட்டையும் வாய்க்கூடையும் உடன் கொண்டுசெல்வது பயணத்தில் அனைவருக்கும் பாதுகாப்பு.

மருத்துவர் விளக்குப் பொருத்திய செவிநோக்கியால் வளைவிற்கு அப்பால் உள்ள பகுதியைக் காண்பார். வலி மிகுதியாயின் மயக்க மருந்து கொடுத்தே உள்ளே கழுவுவார். பிறகு வீட்டில் விடுவதற்குச் சொட்டு மருந்து தருவார். செவிமடலை மேல்நோக்கிப் பிடித்து, கூறிய அளவு மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் மெல்லப் பிசைந்துவிட வேண்டும். மருந்து வளைவைக் கடந்து உட்செல்லும்போது 'சளசள' என்னும் ஓசை கேட்கும். அதன்பின் நாய் ஒருமுறை பலமாகத் தலையை உதறும். அருகில் இருப்பவர் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. இரண்டு மூன்று நாள்களில் சொறிதல் குறைந்துவிடும். ஆயினும் மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை விட்டு, மறுமுறை அழைத்துச் சென்று செவியைக் காட்டிவர வேண்டும்.